கிளட்ச் அக்கா கோடு சாரோடு பேசிய சனிக்கிழமை

காரைக் கழுவுவது அவள் வேலை. கழுவிய காரில் செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்து கதை பேசுவது அவள் கணவனின் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அவள் வாளியும் பழைய பனியனுமாகப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவன் முன்கதவைத் திறந்து, அவள் உட்கார்ந்து வண்டி கற்றுக்கொடுக்கிற இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஈரத்தில் படாமல் காலைத் தூக்கிக் கதவில் வைத்துக்கொண்டான்.

"அண்ணன் போன் பண்ணாரு."

"என்னவாம்?"

"நாளைக்கு நூலகத்துல ரெண்டு பேரும் பேசுறீங்கல்ல, அது முடிஞ்சதும் ஒரு அறிவிப்பு இருக்காம். புது அரங்கம் திறக்கிறாங்களே, அதுக்கு முதல் நாடகம் உன்னோடதுதானாம்."

அவள் கை நின்றது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். இயக்கம்னு அண்ணன் பேர் வரும். அதுக்குக் கீழ உன் பேர். உதவி இயக்கம்னு."

அவள் பனியனை வாளியில் முக்கினாள். தேவைக்கு மேலேயே பிழிந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"யாரைக் கேட்டு?"

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? விழாக் குழுவுல அவருதான் பேசி வாங்கியிருக்காரு. அவர் பேர் இல்லாம அவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். பேர் என்ன வெளியாளுக்கா போகுது? வீட்டுக்குள்ளதானே?"

"காலை எடுங்க. இப்பதான் தொடச்சேன்."

அவன் காலை எடுத்தான். பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவன் மோசமானவன் இல்லை. சண்டை என்றால் அவனுக்கு ஆகாது. அதனால் யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிடுவான். அந்தச் சரிகளையெல்லாம் சுமப்பது அவள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் பயிற்சிப் பள்ளியின் அலுவலகம். கணவன் அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவான், புகைப்படம் ஒட்டுவான், தேர்வுத் தேதி வாங்குவான். பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பகலில் கார் நிற்கும். சாயங்காலம் காரை வெளியே எடுத்துவிட்டால் அதுவே நாடக ஒத்திகை நடக்கும் இடம்.

கணவனின் அண்ணன், மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதிலிருந்து நாடகக் குழு நடத்துகிறவர். ஒத்திகைக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். யார் எங்கிருந்து எத்தனை எட்டு வைக்க வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். எல்லா வேஷத்தையும் முதலில் அவரே நடித்துக் காட்டுவார், பிரசவ வலி வந்த பெண் உட்பட. மற்றவர்கள் அதை அப்படியே செய்ய வேண்டும். நேரில் அவரை எல்லோரும் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கோடு சார். "மேடையோட விட்டாரா? சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுலகூட எனக்கு ஒரு கோடு இருக்கு" என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பதுண்டு.

கிளட்ச் அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அவர் குழுவில் நடித்தவள். குரலைத் தொண்டையிலிருந்து எடுக்காமல் வயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நல்ல வேஷங்கள் கொடுத்தார். அவளுக்கு நாற்பது நெருங்கியதும் ஒருநாள், "இனி நீ துணிமணியைப் பாத்துக்கம்மா, புதுப் பொண்ணுங்க வந்திருக்காங்க" என்றார். அதைக்கூட அன்பாகத்தான் சொன்னார். ஒரே ஒரு நாடகத்துக்கு அவள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். அடுத்ததற்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கொட்டகையில் தொடங்கினாள். ஓட்டுநர் தேர்வில் தோற்றவர்களை வைத்து. தோற்றவர்களுக்கு அடுத்த தேதி வரும்வரை சாயங்காலம் வேலை இல்லை. ஆத்திரம் மட்டும் நிறைய இருந்தது. உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஆறு பெண்கள் வரிசையில் காத்து நிற்பதுதான் நாடகம். பெயரும் 'வரிசை'. அதில் முக்கியமான வேஷம், வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாததாலேயே திரும்பத் திரும்பத் தோற்ற ஒரு தபால் நிலைய ஊழியருக்கு. அதனாலேயே எல்லோருக்கும் அவள் ரிவர்ஸ் அம்மா. நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிவந்தார்கள். கொட்டகையில் இடமில்லாமல் காரின் கூரைமேல் ஏறிப் பார்த்தார்கள், கூரை நசுங்கியது. அந்த நாடகத்துக்குத்தான் இப்போது மேலே ஒரு பெயர் வரப்போகிறது.

நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை 'எதிரும் புதிரும்' என்று ஒரு நிகழ்ச்சி. வெவ்வேறு வழியில் போகிற இரண்டு இயக்குநர்கள் மக்கள் முன்னால் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். நடுவர் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரே மைக். ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது. பேச வேண்டுமென்றால் கை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டும். முடிவில் ஒருவரின் நடிகரை மற்றவர் வாங்கி, கொடுத்த காட்சியை அங்கேயே செய்து காட்ட வேண்டும். நூலகராக இருக்கும் இளம்பெண் கொண்டுவந்த வழக்கம் இது. கூட்டம் வருவதே அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான்.

மைக்கை முதலில் எடுத்தவர் கோடு சார். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் கண்ணாடி.

"நான் மின்சார ஆபீஸ்ல குப்பை கொட்டினவன். கரண்ட் வரும், போகும். அதை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியுமா? ஜெனரேட்டர் வேணும். நடிகனோட உணர்ச்சியும் அப்படித்தான். இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. என் கோடுதான் ஜெனரேட்டர். கோட்டுல நின்னான்னா, உள்ள ஒண்ணுமே இல்லாத அன்னைக்கும் கடைசி வரிசைல உட்கார்ந்திருக்கிறவன் ஏமாற மாட்டான்."

நல்ல கைதட்டல். அவளும் தட்டினாள். கை நீட்டினாள். அவர் மைக்கைக் கொடுக்கும்போதே, "வாய்கிட்ட வச்சுக்கோ, தூரமா வச்சா கேக்காது" என்றார். அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது.

"அத்தான் சொல்றது சரி" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "சரின்னு வாய் அதுவா சொல்லுது. பழக்கம். மறுபடி தொடங்குறேன்."

பின்வரிசையில் ரிவர்ஸ் அம்மாவும் மற்ற தேர்வுத் தோல்விகளும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து சிரிப்பு வந்தது.

"என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க, முதல் நாள் ஸ்டீரிங்கை நான் பிடிச்சுக்கணும்னு நினைப்பாங்க. பிடிச்சா வண்டி நேராத்தான் போகும். ஆனா ஓட்டுறது யாரு? நான். நான் இறங்கினதும் அவங்க என்ன செய்வாங்க? நாடகத்துலயும் நான் நடிச்சுக் காட்டுறதில்ல. எங்க நிக்கணும்னு சொல்றதில்ல. பக்கத்துல உட்காருவேன். பொய்யா ஒண்ணு செஞ்சா மேஜையைத் தட்டுவேன். அவ்வளவுதான் என் வேலை."

அவர் கை நீட்டினார். "நீ உட்கார்ற பக்கத்துலயும் ஒரு பிரேக் வச்சிருக்கே. அதைச் சொல்லலியே?"

"இருக்கு" என்றாள், மைக் திரும்பி வந்ததும். "ஸ்டீரிங் இல்ல."

விசில் பறந்தது. கோடு சாரும் சிரித்தார். நன்றாகவே சிரித்தார், தொடையில் தட்டிக்கொண்டு. மைக்கை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்து, "எப்படிப் பேசுது பாருங்க! இந்தப் பேச்சும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் அவள் கணவன் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புது அரங்கத்து வாசலில் ஒட்டப்போகும் சுவரொட்டியும் இதையேதான் சொல்லும் என்று பட்டது. கை நீட்டி மைக்கை வாங்கினாள்.

"குரல் நீங்க சொல்லிக்கொடுத்தது, அத்தான். பேச்சு என்னோடது."

அவர் மைக்கைத் திரும்ப வாங்கினார். "இவங்க நாடகத்தை நான் பாத்தேன். ஒரு அம்மா மேடை நடுவுல நின்னு யோசிக்கிறாங்க. நடிப்பு இல்லைங்க, நிஜமாவே யோசிக்கிறாங்க! எனக்குப் பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. ஜனங்க யோசிக்கிறதை வேடிக்கை பாக்கவா வேலையை விட்டுட்டு வர்றாங்க?"

"அந்த அம்மாவுக்கு வசனம் மறந்துபோச்சு, அத்தான்."

அறை அதிர்ந்தது. பின்னாலிருந்து ரிவர்ஸ் அம்மா எழுந்து நின்று, "ஆமா சார், மறந்துபோச்சு!" என்று கும்பிட்டாள்.

கிளட்ச் அக்கா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். "மறந்ததை அவங்க மறைக்கல. வரிசைல நிக்கிற பொம்பளைக்கு என்ன கேக்க வந்தோம்னே மறந்துபோறது உண்டு. உங்க குழுவுல அதுக்கு இடம் இல்ல. என்கிட்ட இருக்கு."

அதுவரைக்கும் அவள் கைதான் ஓங்கியிருந்தது.

பிறகு நடிகர்களை மாற்றிக்கொண்டார்கள். நூலகர் கொடுத்த காட்சி சின்னது. வாடகை வீட்டைக் காலி செய்த ஒருவர் சாவியைத் திருப்பிக் கொடுக்க வருகிறார். மூன்றே வரி: "சாவியைக் கொடுக்க வந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் பெருக்கிட்டேன்."

கோடு சாருக்கு ரிவர்ஸ் அம்மா. அவர் தரையில் மூன்று கோடு போட்டார். தானே சாவியோடு நடந்தார். முதல் கோட்டில் நின்று சாவியைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. இரண்டாவதில் சாவியை மேஜையில் வைத்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை. 'பெருக்கிட்டேன்' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு. பிறகு விரல் ஒவ்வொன்றாக. ரிவர்ஸ் அம்மா பார்த்தாள், அப்படியே செய்தாள். இரண்டாம் முறை அவரைவிடவும் நன்றாகச் செய்தாள். முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கிளட்ச் அக்காவே முன்னால் சாய்ந்து பார்த்தாள். அது பொய் என்று அவளால் மேஜையைத் தட்ட முடியவில்லை.

அவளுக்குக் கொடுத்த நடிகர் மருந்துக்கடைக்காரர். கோடு சாரின் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர், ராஜா வேஷம் என்றால் அவர்தான். அவள் முதலில் ஈரத்துணி வாங்கித் தரையிலிருந்த கோடுகளை அழித்தாள். சாவியை அவர் கையில் கொடுத்து, போய் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

"எங்க நிக்கணும்மா?"

"நான் சொல்ல மாட்டேன். சாவி உங்க கையில. காட்சி உங்களோடது."

அவர் தேடினார். மைக் வயர் யார் காலிலும் மாட்டாமல் இருக்க, சுவரோரம் தரையில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. விறுவிறுவென்று நடந்து போய், டேப்பின்மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஜா குரலில், "சாவியைக் கொடுக்க வந்தேன்!" என்றார்.

சிரிப்பு வெடித்தது. அவருடைய காதுமடல் சிவந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. திரும்பினால் டேப்பை விட்டு இறங்க வேண்டும், அதனால் திரும்பவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இந்தப் பக்கம் திரும்புங்க' என்றால் காட்சி பிழைத்துவிடும். கணவன் முன்வரிசையிலிருந்து, சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினான். அவள் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தாள். சிரிப்பு ஓய்ந்து, இருமல் தொடங்கி, நாற்காலிகள் நகரும் சத்தம் வந்தது. மருந்துக்கடைக்காரர் மற்ற இரண்டு வரியையும் சுவரிடமே சொல்லி முடித்தார். நூலகர் போய் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்தாள்.

கோடு சார் மைக்கை எடுத்தார். கிண்டல் செய்யவில்லை, வெற்றி பெற்றவரின் பெருந்தன்மையோடு பேசினார். நூலகரிடமிருந்து காகிதத்தை வாங்கி அறிவிப்பைத் தானே படித்தார். புது அரங்கத் திறப்பு, 'வரிசை' நாடகம், இயக்கம் அவர், உதவி இயக்கம் தம்பி மனைவி. "கொட்டகைல இருந்ததை மேடைக்குத் தகுந்த மாதிரி நான் கொஞ்சம் நேர் பண்ணிக் கொடுப்பேன். என்னம்மா, சரிதானே?"

அவள் கை நீட்டினாள். அவர் மைக்கைக் கொடுக்காமல், அவள் வாய்க்கு முன்னால் நீட்டிப் பிடித்தார், குழந்தையிடம் பிடிப்பதுபோல. அவள் எழுந்து நின்றாள். மைக்கிலிருந்து விலகி நின்று பேசினாள். வயிற்றிலிருந்து எடுத்த குரல், மாடிப்படி வரைக்கும் போனது.

"எல்லாரும் பாத்தீங்க. இன்னைக்குத் தோத்தது நான்தான். அத்தான் செஞ்சது அழகா இருந்துச்சு, நான் செஞ்சது நாசமாப் போச்சு. ஆனா அந்த நாசம் என் பேர்ல நடந்துச்சு. அது எனக்குப் போதும். 'வரிசை'க்கு இயக்கம் நான். உதவின்னு போடுறதா இருந்தா அந்த நாடகம் அந்த மேடைக்கு வராது. வேற யாராவது திறந்து வைக்கட்டும்."

"ஏய், வீட்டுல சரின்னு சொல்லியாச்சும்மா" என்றார் கோடு சார், மைக்கை மூடிக்கொள்ள மறந்து.

"சொன்னது உங்க தம்பி. அவர் ஒரு நாடகம் போட்டா அதுக்கு அவர் சரி சொல்லட்டும்."

யாரும் கைதட்டவில்லை. தோற்றவள் இவ்வளவு பேசலாமா என்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. விழாக் குழுவைச் சேர்ந்த இருவர் எழுந்து போனார்கள்.

கீழே படிக்கட்டில் மருந்துக்கடைக்காரர் அவளை மறித்தார். "இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"மன்னிச்சுக்குங்க. உங்களைப் பாத்து எல்லாரையும் சிரிக்கவிட்டது தப்புதான். முன்னாடியே கூப்பிட்டு என் வழி இதுன்னு சொல்லியிருக்கணும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா எங்க நிக்கணும்னு அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

"திமிரு" என்றுவிட்டு அவர் போனார்.

ரிவர்ஸ் அம்மா காரில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச் அக்கா வண்டியை எடுத்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக்கூடாது, கிளட்ச்சு. அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பயமே இல்லாம இருந்துச்சு."

"தெரியும். பாத்தேன்."

"அந்தப் புது மேடைல ஏறணும்னும் ஆசையா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லியா?"

"அப்ப எதுக்கு..."

"அவர்கிட்ட போறதுன்னா போங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

ரிவர்ஸ் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போகலாம்தான். ஆனா வசனம் மறந்தா அவர் கொன்னுடுவாரே."

ஞாயிற்றுக்கிழமை காலை கோடு சார் வீட்டுக்கே வந்தார். முன்னறையில், சாலைக் குறியீடுகள் மாட்டிய சுவருக்குக் கீழே, விண்ணப்பதாரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கணவன் அவசர அவசரமாகக் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல, அத்தான்."

"பின்ன ஊர் பாக்க என்னை இப்படி நிக்க வச்சுட்டியே?"

"நீங்க காகிதத்தைப் படிச்சீங்க. நானும் ஊர் பாக்கத்தான் நின்னேன்."

கணவன் நடுவில் புகுந்தான். "நேத்து நடந்ததை விடுங்க. அண்ணன் ஒரு வழி கொண்டு வந்திருக்காரு."

கோடு சார் காப்பியை ஆற்றினார். "குழுகிட்ட பேசிட்டேன். ரெண்டு பேர் பேரும் ஒரே வரில போடலாம். இயக்கம்னு. உதவி கிதவி கிடையாது. போதுமா?"

கணவன் முகம் மலர்ந்தது. அவளுக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பெரிய மேடை, ரிவர்ஸ் அம்மா அதில் நிற்பது கண்ணில் வந்துபோனது.

"ஒத்திகைல யார் பேசுவா?"

"நான்தான் பேசணும். ரெண்டு பேர் பேசுனா நடிகன் குழம்பிடுவான்ல?"

"அப்ப வேண்டாம், அத்தான்."

"ஏய்!" என்றான் கணவன்.

"கொட்டகையிலயே போடுறேன். வர்றவங்க வரட்டும். கார் கூரை நசுங்கினா நசுங்கட்டும்." அவள் மேஜையைச் சுற்றி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் அவள் சமமாக உட்கார்ந்தது இல்லை. "நாடகத்துல ஜன்னலுக்குப் பின்னால ஒரு கிளார்க் வேணும். இப்ப இருக்கிற பையன் வெளியூர் போறான். நீங்க பண்றீங்களா?"

கணவன் கையிலிருந்த தட்டு மேஜையில் இடித்தது. "உனக்கென்ன பைத்தியமா?"

"உங்க அண்ணனைத்தான் கேக்குறேன். ஆபீஸ் நாற்காலில காலம் பூரா உட்கார்ந்தவரு. அந்த ஜன்னல்ல வர்ற ஆளை நிமிர்ந்து பாக்காமலே எப்படிக் காக்க வைக்கிறதுன்னு இவரைவிட யாருக்குத் தெரியும்?" அவரைப் பார்த்தாள். "கேலிக்குச் சொல்லல, அத்தான். உங்களை மாதிரி நடிகர் எங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க. ஆனா எங்க பாக்கணும், எங்க மூச்சு விடணும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கணும். பொய்யா இருந்தா தட்டுவேன்."

கோடு சார் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். கோபமா வேறு ஏதாவதா என்று அந்த முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. அவர் மற்றவர்களுக்குச் செய்து காட்டிய முகங்கள் எதிலும் அது சேரவில்லை. கடைசியில் பாதிக் காப்பியைப் பெஞ்சின்மேல் வைத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், கழற்றினார், பையில் செருகினார். எழுந்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை" என்றாள் அவள். "வருவீங்களா, மாட்டீங்களா?"

அவர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.